ஆறாத புண்ணும் நல்ல நுண்ணுயிரிகளும்



மருத்துவத்தில் புதிதாக நடப்பதை ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மருத்துவர் ஊர்மக்கள் முன்னிலையில் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எண்ணி இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு முதலில் என் நன்றி. மருத்துவ மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மேடை இது. இரு சாராருக்கும் விளங்கும்படி பேசுவது என் கடமை.

நான் எடுத்துக்கொண்ட பொருள், சீழ் பிடித்து மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்ணின் மேல் உயிருள்ள நல்ல பாக்டீரியாவை மருந்தாக இடுவது. புரோபயாடிக் என்ற பெயரில் குடலுக்காக நாம் விழுங்கும் அதே வகை நுண்ணுயிரிகளைத்தான் சொல்கிறேன். கேட்பதற்கே சற்றுத் துணுக்குறலாக இருக்கும். கிருமியால் கெட்ட புண்ணில் இன்னொரு கிருமியையா போடுவது என்று தோன்றும். இந்த யோசனைக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. ஆனால் இதை நோயாளிக்குக் கொடுக்கும் அளவுக்குச் சான்று இன்னும் சேரவில்லை. அந்தச் சான்றைத் தேடவேண்டிய பொறுப்பு மற்றவர்களைவிட நமக்கு அதிகம். இந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

புண் ஏன் ஆறுவதில்லை?

நல்ல உடம்பில் பட்ட காயம் ஒரு வரிசைப்படி ஆறும். முதலில் ரத்தம் உறையும். பிறகு வெள்ளை அணுக்கள் ஓடிவந்து கிருமியையும் செத்த திசுவையும் விழுங்கும். வேலை முடிந்ததும் அவை விலகிக்கொள்ளும். அடியிலிருந்து சிவந்த, பொடிப்பொடியான புதுச்சதை எழும். கடைசியில் ஓரங்களிலிருந்து தோல் நகர்ந்து வந்து மூடும். பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் இது முடிந்துவிடும்.

ஆறாத புண் இரண்டாவது கட்டத்திலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளை அணுக்கள் வந்துகொண்டே இருக்கும், விலகவே விலகாது. அவை கக்கும் நொதிகள் கிருமியோடு சேர்த்துப் புதுச்சதையையும், சதை வளரத் தூண்டும் புரதங்களையும் அரித்துவிடும். உடம்பு ஒரு பக்கம் கட்டுகிறது, இன்னொரு பக்கம் இடிக்கிறது.

கட்டு மாற்றும் அறைக்கு ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். குதிகாலில் புண்ணோடு ஓர் அம்மா வருகிறார். கட்டைப் பிரிக்கப் பிரிக்க, உள்ளே இருக்கிற சுற்றுகளில் துணி பச்சையாக ஊறியிருக்கும். அந்தப் பச்சையும், இனிப்பு கலந்த ஒரு வாடையும் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவின் அடையாளம். புண்ணின் தரையில் மஞ்சளும் வெள்ளையுமாக வழவழவென்று ஒரு படிவு இருக்கும். சலைன் விட்டுக் கழுவினால் அது போகாது, கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சுரண்டும்போது, "வலிக்குதாம்மா?" என்று கேட்போம். "இல்லீங்க டாக்டர், ஒண்ணுமே தெரியல. செருப்புக்குள்ள கல்லு கெடந்ததே தெரியலீங்களே" என்பார். வலியில்லை என்று அவர் ஆறுதலாகச் சொல்வதுதான் எங்களுக்குக் கவலை. நரம்பு மரத்துப் போனதால்தான் கல் குத்தியது தெரியாமல் அவர் நாளெல்லாம் நடந்திருக்கிறார். சுரண்டி முடித்ததும் அடியில் சிவந்த சதை தெரியும், மனசுக்கு நிறைவாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் கட்டைப் பிரித்தால் அதே படிவு திரும்பியிருக்கும்.

அந்தப் படிவில் செத்த திசுவோடு கிருமிகளும் கூடு கட்டியிருக்கும். பாக்டீரியாக்கள் தாங்களே சுரக்கும் பிசின் போன்ற பொருளுக்குள் கூட்டமாகப் புதைந்து வாழும் இந்த அமைப்பை பயோஃபிலிம் என்கிறோம், நுண்ணுயிர்ப் படலம். 2008-இல் அமெரிக்காவின் மான்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 50 நாட்பட்ட புண்களின் திசுவையும் 16 புதிய காயங்களின் திசுவையும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நாட்பட்ட புண்களில் 60 விழுக்காட்டில் இந்தப் படலம் இருந்தது. புதிய காயங்களில் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது.

படலத்துக்குள் இருக்கும் கிருமிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அதன் செறிவு கூடும்போது, நாம் போதுமான எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டோம் என்று கூட்டம் முழுவதும் அறிந்துகொள்ளும். உடனே எல்லாம் சேர்ந்து திசுவை அரிக்கும் நொதியைச் சுரக்கும், படலத்தைத் தடிப்பாக்கும். சூடோமோனாஸ் இதில் மிகத் தேர்ந்தது. இந்தச் செய்திப் பரிமாற்றத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பவும் வரும்.

இன்னொன்று, புண்ணின் காரத்தன்மை. நல்ல தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, அமில கார அளவில் ஏறத்தாழ 5. நாட்பட்ட புண் 7-க்கு மேல், சிலவேளை 9-ஐ நெருங்கியும் காரமாக இருக்கும். திசுவைச் சிதைக்கும் நொதிகளுக்கு அந்தச் சூழல்தான் ஏற்றது.

கொல்லும் வழியும் அதன் எல்லையும்

இதற்கு நம்மிடம் என்ன மருந்து இருக்கிறது? ஆன்டிபயாடிக். ரத்தத்தில் நச்சேறி உயிருக்கே ஆபத்தாக வரும் நோயாளிக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. நான் அதற்கு எதிராக ஒரு சொல்லும் சொல்ல வரவில்லை. ஆனால் நாள்பட்ட புண்ணில் அதற்கு மூன்று தடைகள். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்குள் மருந்து போய்ச் சேராது. போய்ச் சேர்ந்தாலும் படலத்துக்குள் புதைந்த கிருமி, தனித்துத் திரியும் கிருமியைவிடப் பலமடங்கு மருந்தைத் தாங்கும். மருந்தை மேலும் மேலும் கொடுத்தால் அதற்கு அடங்காத கிருமியே மிஞ்சும். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் 2019-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று லான்செட் இதழ் 2022-இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. தொற்றின் அறிகுறி இல்லாத பாதப் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள் என்று பன்னாட்டு வழிகாட்டிகள் வலியுறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

புண்ணின் மேல் ஊற்றும் கிருமிநாசினிகளின் எல்லையை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் காட்டினார். பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்கு முன், முதல் உலகப்போரின்போது அலெக்சாண்டர் ஃபிளெமிங் பிரான்சின் பூலோன் நகரில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். குண்டுச்சிதறல் கிழித்த புண்களைப் பார்த்தவர், ஒரு கண்ணாடிச் சோதனைக்குழாயைச் சூடாக்கி அதன் அடியில் உள்ளீடற்ற முட்களை இழுத்துவிட்டார். சந்தும் பொந்துமான புண்ணின் மாதிரி அது. அதில் கிருமியுள்ள நீரை ஊற்றிக் கொட்டிவிட்டு, கிருமிநாசினியை நிரப்பிவைத்தார். பிறகு அதையும் கொட்டிவிட்டுக் கிருமியற்ற வளர்ப்பு நீர்மத்தை ஊற்றினார். முட்களின் நுனியில் ஒளிந்திருந்த கிருமி மறுபடி பெருகியது. கிருமிநாசினி கிருமிக்கு முன்னால் உடம்பின் காவலர்களான வெள்ளை அணுக்களைக் கொல்கிறது என்றும் அவர் கண்டார். எதைக் கொண்டு கொல்வது என்று தேடுவதோடு, புண்ணின் சூழலை எப்படி மாற்றுவது என்றும் தேட வேண்டும் என்பது அந்தக் குழாய் நமக்குக் கற்றுத்தரும் பாடம்.

பழைய வேர்கள்

அந்தத் தேடலுக்கு வேர் உண்டு. 1882-இல் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ் இத்தாலியின் மெசினா நகரில் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரியில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தபோது முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்திருந்தன. காயத்தில் வெள்ளை அணுக்கள் செய்யும் வேலையை உலகம் அறிந்தது அப்படித்தான். 1908-இல் பால் எர்லிக்குடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே மெச்னிகோவ்தான் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தபோது, புளித்த பாலில் உள்ள லாக்டிக் அமில பாக்டீரியா குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளை அடக்கும் என்று எழுதினார். புரோபயாடிக் என்ற துறை அங்கிருந்து கிளைத்தது.

புண்ணிலும் இது அப்போதே முயலப்பட்டது. 1917-இல் இங்கிலாந்தின் ரெடிங் நகரில் போர்க்காயங்களுக்குச் சிகிச்சை அளித்த டொனால்ட்சன், ஜாய்ஸ் என்ற இருவர், சீழ்ப்புண்ணில் உயிருள்ள பாக்டீரியா வளர்ப்பை வேண்டுமென்றே இட்டுச் சிகிச்சை செய்ததை லான்செட்டில் வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது செத்த திசுவைக் கரைக்கும் ஒரு வகை. ரெடிங் பேசில்லஸ் என்றே அதற்குப் பெயர் வந்தது. கால் நூற்றாண்டில் பெனிசிலின் வந்தது. அதன் பிறகு இப்படி யோசிப்பதற்கான அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

டுகுமானில் நடந்த வேலை

அந்த அவசரம் மறுபடி வந்தபோது, வேலை தொடங்கிய இடங்களில் முக்கியமானது அர்ஜென்டினாவின் வடமேற்கில் உள்ள டுகுமான் நகரம். அங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹுவான் கார்லோஸ் வால்டெஸ் தலைமையிலான குழு, லாக்டோபேசில்லஸ் பிளாண்டரம் என்ற பாக்டீரியாவின் ஒரு குறிப்பிட்ட வகையை எடுத்துக்கொண்டது. உப்பில் ஊறிப் புளித்த முட்டைக்கோசு, ஆலிவ், கொரியர்களின் கிம்ச்சி ஆகியவற்றில் வாழும் உயிரி அது. நம் இட்லி மாவிலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது.

2005-இல் அவர்கள் வெளியிட்ட முதல் ஆய்வில் ஒரு நுட்பமான கேள்வி இருந்தது. இந்த பாக்டீரியாவின் எந்தப் பகுதி வேலை செய்கிறது? முழு வளர்ப்பு, அணுக்களை வடிகட்டி நீக்கிய வெறும் நீர், அந்த நீரின் அமிலத்தைச் சமன்செய்த வடிவம், நன்றாகக் கழுவிய வெறும் அணுக்கள் என்று நான்காகப் பிரித்துச் சூடோமோனாஸின் மேல் சோதித்தார்கள். நான் முன்பு சொன்ன செய்தி வேதிப்பொருள், திசுவை அரிக்கும் நொதி, படலம் மூன்றும் அடங்கின. அடக்கியவை முழு வளர்ப்பும் வடிநீரும். கழுவிய வெறும் அணுக்களால் முடியவில்லை. ஆக, பாக்டீரியா சுரந்து வெளிவிடும் பொருள்களில்தான் திறமை இருக்கிறது. அமிலத்தைச் சமன்செய்த பிறகும் வடிநீர் வேலை செய்ததால் புளிப்பு மட்டுமே காரணம் இல்லை என்பதும் தெரிந்தது. தீக்காயத்தில் சூடோமோனாஸ் தொற்றிய சுண்டெலிகளுக்கு முழு வளர்ப்பைக் கொடுத்தபோது, தோலில் மட்டுமல்லாமல் ஈரல், மண்ணீரலிலும் கிருமி குறைந்தது. திசு நன்றாகச் சீரமைந்தது.

2009-இல் மனிதர்கள். தீக்காயம் பட்ட 80 பேரில் ஒரு சாராருக்கு இந்த வளர்ப்பும் மற்றவர்களுக்கு வழக்கமான சில்வர் சல்ஃபாடயசின் களிம்பும் இடப்பட்டன. தொற்றைக் கட்டுப்படுத்துவதிலும் புதுச்சதை எழச் செய்வதிலும் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தன.

2010-இல் வந்தது நம் பொருளுக்கு நேராகச் சேர்ந்த ஆய்வு. காலில் சீழ்பிடித்து ஆறாத புண்ணுள்ள 34 பேர். அவர்களில் 14 பேர் நீரிழிவு உள்ளவர்கள். புண்ணின் மேல் இந்த பாக்டீரியா இடப்பட்டது. பத்து நாளில் கிருமியின் அளவு குறைந்தது. புண்ணில் தேங்கி நின்ற வெள்ளை அணுக்களும், சிதைந்து செத்த அணுக்களும் குறைந்தன. இரண்டாம் கட்டத்தில் மாட்டிக்கொண்ட புண் நகரத் தொடங்கியது என்று இதற்குப் பொருள். 30 நாளில் நீரிழிவுள்ளவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் பாதிப் பேருக்கும் புண் ஆறியது.

எப்படி வேலை செய்கிறது?

காய்ச்சி ஆறிய பாலில் உறைமோர் விட்டால் தயிராகிறது. அதே பாலை அப்படியே விட்டால் கெட்டுப்போகிறது. இடத்தை முதலில் யார் பிடிக்கிறார்கள், அங்கே என்ன சூழலை உண்டாக்குகிறார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. புண்ணில் நடப்பதும் இந்த முறைதான். லாக்டிக் அமிலம் புண்ணின் காரத்தைக் குறைக்கிறது. திசுவைச் சிதைக்கும் நொதிகளின் வேகம் தணிகிறது. கெட்ட கிருமிகளின் செய்திப் பரிமாற்றம் குழம்புகிறது. கூட்டம் சேர்ந்தாலும் அவற்றுக்குத் தெரிவதில்லை, படலம் தடிப்பதில்லை. கடைசியாக, உடம்பின் காவல் அணுக்கள் தூண்டப்பட்டு, வேலை முடிந்ததும் விலகவும் செய்கின்றன. ஆன்டிபயாடிக் ஓர் இலக்கைத் தாக்குகிறது. இது ஒரே நேரத்தில் பல இடங்களில் சூழலைத் திருப்புகிறது. அதனால் கிருமி இதற்கு எளிதில் பழகாது என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது.

இந்த வழியில் வேறு நாடுகளிலும் வேலை நடக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சத்ய பிரகாஷ் குழுவினர், நைட்ரிக் ஆக்சைடு வாயுவை லாக்டோபேசில்லஸ் உண்டாக்கித் தரும் ஓர் ஒட்டுப்பட்டையைச் செய்து, ரத்த ஓட்டம் குறைந்த முயல் காதுப் புண்ணில் 2012-இல் சோதித்தார்கள். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் மியா ஃபிலிப்சன் குழுவினர், புண்ணாற்றும் ஒரு புரதத்தைச் சுரக்கும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாவை எலிப்புண்ணில் இட்டு, ரத்தச் சர்க்கரை கூடிய எலிகளிலும் புண் விரைந்து மூடுவதை 2018-இல் காட்டினார்கள். பின்னர் ஆரோக்கியமான தன்னார்வலர்களின் தோலிலும் அது சோதிக்கப்பட்டது. பாக்டீரியா அங்கே புண்ணிலேயே மருந்து செய்யும் வேலையாளாகிவிடுகிறது.

எவ்வளவு நம்பலாம்?

இங்கே மாணவர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். மனிதர்களில் கிடைத்த முடிவுகளை எடைபோட்டால் என்ன மிஞ்சுகிறது?

34 பேரில் நடந்த கால்புண் ஆய்வு சிறியது. இந்த மருந்து இல்லாமல் மற்ற எல்லாம் ஒன்றாகப் பெற்ற ஒரு குழுவைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதவரை, ஆறியது மருந்தாலா கவனிப்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாள்பட்ட புண்ணைப் பொறுத்தவரை இது பெரிய கேள்வி. அதுவரை சரியான கவனிப்பே கிடைக்காத நோயாளியைத் தினமும் வரவழைத்துச் சுத்தம் செய்து கட்டுப்போட்டாலே புண்ணில் கணிசமான பகுதி சுருங்கும். தீக்காய ஆய்வில் ஒப்பிட்ட சில்வர் சல்ஃபாடயசின், தோல் மூடுவதைத் தாமதப்படுத்தும் என்று பல ஆய்வுகள் சொல்லும் மருந்து. அதற்குச் சமம் என்பது நல்ல செய்தி, போதுமான செய்தி ஆகாது. இதில் அதிகமான வேலை ஒரே குழுவிலிருந்து வந்திருக்கிறது. வேறு ஊரில், வேறு கைகளில் அதே முடிவு வர வேண்டும்.

பாதுகாப்பையும் சொல்ல வேண்டும். லாக்டோபேசில்லஸ் பெரும்பாலும் சாது. ஆனால் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களின் ரத்தத்தில் அது கலந்து நோய் உண்டாக்கிய நேர்வுகள், அரிதாக என்றாலும், பதிவாகியிருக்கின்றன. நீரிழிவு முற்றிய நோயாளி எதிர்ப்பு சக்தி குறைந்தவர்தான். திறந்த புண்ணில் எலும்பு தெரிகிற நிலையில் உயிருள்ள பாக்டீரியாவை இடுவது விளையாட்டல்ல. லாக்டோபேசில்லஸ் பிளாண்டரத்துக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இயல்பிலேயே ஏறாது. அது பிறவிக்குணம் என்பதால் மற்றக் கிருமிகளுக்குத் தாவுவதில்லை. ஆனால் தாவக்கூடிய வேறு எதிர்ப்பு மரபணுக்கள் அந்த வகையில் இல்லை என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

டுகுமான் குழுவின் முதல் ஆய்வு இந்த இடத்தில் கைகொடுக்கிறது. சுரக்கும் பொருள்களே வேலை செய்கின்றன என்றால், உயிருள்ள பாக்டீரியாவை விட்டுவிட்டு வடிநீரை மட்டும் மருந்தாக்கலாம் அல்லவா? ரத்தத்தில் கலந்து பெருகும் என்ற அச்சம் அதில் இல்லை. அளந்து கொடுக்கலாம். குளிர்ப்பெட்டி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வைத்திருக்க வழி பிறக்கலாம். உயிருள்ள பாக்டீரியா புண்ணிலேயே தங்கிச் சுரந்துகொண்டிருக்கும் நன்மை போய்விடும் என்பது எதிர்வாதம். இரண்டையும் பக்கம்பக்கமாக வைத்துச் சோதித்தால்தான் விடை தெரியும். நம் நாட்டுக்கு இந்தக் கேள்வியே மிகப் பயன் தரும் கேள்வி என்பது என் கருத்து.

வீட்டுத் தயிரைத் தடவலாமா?

பெற்றோர்களுக்கும் பெரியோர்களுக்கும் இதை அழுத்திச் சொல்கிறேன். கூடாது. எந்தப் புண்ணிலும், அதிலும் சர்க்கரை நோயாளியின் காலில், தயிரோ மோரோ பழையசோற்று நீரோ தடவக் கூடாது.

ஆய்வில் பயன்பட்டது ஒரே ஒரு வகை, கலப்பில்லாமல் வளர்த்தது, அளவு தெரிந்தது. அதே இனத்தின் இன்னொரு வகைக்கு அதே குணம் இருக்கும் என்று சொல்ல முடியாது. போதுமான அளவில் கொடுக்கப்பட்டு, உடம்புக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரியே புரோபயாடிக் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பும் 2001-இல் வரையறுத்தன. வீட்டுத் தயிரில் எந்த உயிரி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. ஈஸ்ட் இருக்கலாம், பூஞ்சை இருக்கலாம், கையிலிருந்தும் கரண்டியிலிருந்தும் வந்த கிருமி இருக்கலாம். உண்டால் வயிற்று அமிலம் காக்கும். புண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. மஞ்சளும் காப்பித்தூளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு, அடியில் சீழ் எலும்புவரை இறங்கிய பிறகு வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்த வரிசையில் தயிரையும் சேர்த்துவிடாதீர்கள்.

எந்த மருந்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது

நாளை இந்தச் சிகிச்சை முழு வெற்றி பெற்றாலும் நான்கு வேலைகளுக்கு மாற்றாகாது. செத்த திசுவை வெட்டிச் சுத்தம் செய்வது. காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்வது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. புண்ணின் மேல் உடம்பின் பாரம் விழாமல் தடுப்பது.

நான்காவது நம் மண்ணோடு சேர்ந்த அறிவு. 1930-களில் இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால், உணர்விழந்த தொழுநோயாளிகளின் பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டு போட்டு, நடமாடவிட்டே ஆற்றினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயில் புண் வருவது சதை தானாக அழுகுவதால் அல்ல, உணர்வற்ற பாதம் ஓயாமல் அழுத்தத்தைத் தாங்குவதால்தான் என்று நிறுவினார். மாவுக்கட்டு முறையை அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்கு அவரே கொண்டுசென்றார். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதப் புண்ணுக்கு அது முதல்தரச் சிகிச்சை. கொழும்பிலும் வேலூரிலும் தொழுநோயாளிகளைக் கவனித்த கைகள் உலகின் நீரிழிவு நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது. இப்படி ஒரு மரபு இருக்கும்போது, அடுத்த சான்று வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் பொறுப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய நாடுதழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு. நீரிழிவுள்ளவர்களில் 19 முதல் 34 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பாதப்புண் வரக்கூடும் என்பது பன்னாட்டு மதிப்பீடு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புண் முற்றி ஒரு விரலை எடுத்தால் ஓட்டுநர் வண்டியைவிட்டு இறங்குகிறார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் வயலும் தறியும் கடையும் நின்றுவிடுகின்றன, மகளின் படிப்பு நின்றுவிடுகிறது.

ஆகவே, மேற்படிப்பு மாணவர்களுக்கும் கல்லூரி நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் இது. பல மருத்துவக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு சோதனையை நடத்துங்கள். எல்லா நோயாளிகளுக்கும் நான் சொன்ன நான்கு வேலைகளும் ஒரே தரத்தில் நடக்கட்டும். அதற்குமேல் குலுக்கல் முறையில் மூன்று பிரிவு. ஒன்றுக்கு உயிருள்ள பாக்டீரியாக் களிம்பு, ஒன்றுக்கு வடிநீர்க் களிம்பு, ஒன்றுக்கு மருந்தில்லாத வெறும் களிம்பு. புண்ணை அளப்பவருக்கு எது யாருக்கு என்று தெரியக் கூடாது. ரத்த ஓட்டம் மிகக் குறைந்தவர்களையும் எதிர்ப்பு சக்தி இழந்தவர்களையும் முதலில் சேர்க்க வேண்டாம். பன்னிரண்டு வாரத்தில் முழுதாக மூடியதா, மூடிய புண் மறுபடி திறந்ததா, எத்தனை ஆன்டிபயாடிக் மிச்சமானது, எத்தனை கால்கள் தப்பின என்று பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிப்படி அனுமதி பெறுங்கள். தொடங்குமுன் தேசியச் சோதனைப் பதிவேட்டில் பதியுங்கள். முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள். பயனில்லை என்று தெரிந்தால் அதுவும் நம் நோயாளிகளுக்குச் செய்த உதவிதான், வீண்செலவும் வீண்நம்பிக்கையும் தவிர்க்கப்படும்.

அறக்கட்டளை நிறுவனத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். இதுபோன்ற சோதனைக்குப் பெரிய மருந்துக் கம்பெனிகள் எளிதில் முன்வரமாட்டா. இயற்கையில் கிடைக்கும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமையின் லாபம் குறைவு. உங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் தொடக்க நிதிதான் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை தேடித் தரும்.

இங்கே வந்திருக்கும் நீரிழிவுள்ள அன்பர்கள், அவர்களுடைய பிள்ளைகள் அனைவரிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த மருந்து எப்போது வரும் என்று காத்திருக்காதீர்கள். தினமும் இரவு படுக்குமுன் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள். கொப்புளமோ சிவப்போ கசிவோ கண்டால், வலி இல்லை என்று விட்டுவிடாமல் மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் காட்டுகிற புண் பெரும்பாலும் ஆறிவிடும்.